எட்டாம் நம்பர் ஊசி

அக்டோபர் 14

தமயந்தியைக் கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பர்லியாறு தாண்டியதும் காரின் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். குளிர்காற்று முகத்தில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். குன்னூர் நெருங்கிவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேச்சு தெளிவாக இருக்கிறது. இடது கால் ஊன்றுகோலோடு நடக்கிறது. இடது கைதான், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப் போல மடியில் கிடக்கிறது. பக்கவாதத்தில் கை கடைசியாகத்தான் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பாமலும் போகலாம் என்றார். இரண்டாவது செய்தியை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவளும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது மேட்டுப்பாளையம் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கட்டிலருகே பிரம்புக் கூடை, அதற்குள் பாதி பின்னிய கம்பளிப் போர்வை. இந்த ஊரில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவள், “இந்தத் தடவை நமக்கு” என்று சென்ற கார்த்திகையில் தொடங்கியது. எங்கள் இரட்டைக் கட்டில் முழுக்க மூட வேண்டும் என்பது கணக்கு.

“ஏனுங்க, அதைப் பிரிச்சு நூலைச் சுத்தி வெச்சுருங்க. யாராச்சும் கேட்டாக் குடுத்தரலாம்.”

“சரி” என்றேன்.

கூடையைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். பிரிக்கவில்லை. இதை மறுப்பு என்று சொல்ல முடியாது. தாமதம்.

அக்டோபர் 17

உடற்பயிற்சி சொல்லித்தர ஷீபா என்ற பெண் வந்தாள். கூடலூர்க்காரி, கலகலப்பானவள். இனி வாரத்தில் இரண்டு நாள் வருவாள். தமயந்தியின் இடது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்தச் சொன்னாள். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. நான் குனிந்து எடுத்தேன். மறுபடி உருண்டது.

“உங்க சாருக்கு நல்ல எக்சர்சைஸ்மா” என்றாள் ஷீபா.

தமயந்தி சிரிக்கவில்லை. “பந்து விளையாடற வயசா எனக்கு? அக்கட்டால வைம்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போகும்போது வாசலில் ஷீபா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “சார், அம்மாவுக்குக் கை வரணும்னா அம்மாவுக்கு அது வேணும்னு இருக்கணும். எனக்கு வேணும்னு இருந்தாப் போதாது.”

அக்டோபர் 23

சென்னையிலிருந்து முகுந்தன் பேசினான். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறான். நல்ல மகன், அதில் சந்தேகமில்லை. பொங்கலுக்கு வந்து எங்கள் இருவரையும் நிரந்தரமாக அழைத்துப் போகிறான். அவன் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு ஓர் அறை, அதிலேயே உதவிக்கு ஒரு பெண்மணி தங்குவாள். எனக்குப் பேரனுடைய அறையில் ஒரு கட்டில்.

“அம்மா சரின்னுட்டாங்க. நீங்க என்னப்பா சொல்றீங்க?”

“அம்மா சொன்னாச் சரிதாம்ப்பா.”

போனை வைத்த பிறகு தமயந்தி சொன்னாள்: “மெட்ராசுக்குக் கம்பளி எதுக்குங்க. நல்லவேளை, பிரிக்கச் சொல்லிட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் தனித்தனி அறையில் படுத்ததில்லை, மருத்துவமனை நாட்கள் தவிர. இதை முகுந்தனிடம் எப்படிச் சொல்வது? கல்லூரியில் வேதியியல் நடத்தியபோது கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசியவன்தான். மகனிடம் இதைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

அக்டோபர் 30

வீட்டில் ஏதோ குறைகிறது என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று கண்டுபிடித்தேன். சத்தம்.

இந்த மலைக்கு நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், வாடகை வீட்டுக்காரம்மாவிடம் அவள் பின்னக் கற்றுக்கொண்டாள். கோபிச்செட்டிபாளையத்தில் வயலுக்கு நடுவே வளர்ந்தவள், கம்பளி நூலையே அப்போதுதான் பார்த்தாள். முதலில் எனக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர். அது முழங்காலுக்கு வந்தது. “வளர்ந்து சரியாப்போகும்” என்றாள். எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது.

அதையே போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மாணவர்கள் பின்னால் சிரித்தார்கள். கழற்றத் தோன்றவில்லை.

பிறகு கை தேர்ந்துவிட்டது. ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் ஏறி லவ்டேல் வருவதற்குள் ஒரு குழந்தைத் தொப்பி முடிந்துவிடும். குகைக்குள் ரயில் இருட்டில் போகும்போதும் ஊசி நிற்காது. பெட்டியில் எல்லோரும் கூச்சல் போடும் அந்த இருட்டில் அலுமினிய ஊசிகள் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெளிச்சம் வந்ததும், என்னவோ திருட்டுத்தனம் செய்தவர்கள் மாதிரி நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நான் ஓர் அறையில் விடைத்தாள் திருத்துவேன். அவள் அடுத்த அறையில் பின்னுவாள். சத்தம் சீராக வந்தால் எல்லாம் நலம். நின்றால் ஊசியில் ஏறிய நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, எண்ணுகிறாள். எண்ணி முடித்தும் தொடங்கவில்லையென்றால் என்மேல் கோபம். நான் எழுந்துபோய் என்ன செய்தேன் என்று கேட்பேன். பெரும்பாலும் ஏதாவது செய்திருப்பேன்.

நவம்பர் 4

ஷீபா வீட்டில் இருக்கும் நேரத்தில் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். எழுபத்து நான்கு வயதில் சொன்ன பொய் என்பதால் வழியெல்லாம் மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

போர்வையை நானே பின்னி முடிப்பது என்று எண்ணம். முடியுமா என்று தெரியவில்லை. பொங்கலுக்குள் கொஞ்சமாவது வளர்ந்தால், பிரி என்ற பேச்சை அவள் எடுக்கமாட்டாள் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நேராக இருக்கும் அவளது நீண்ட ஊசிகளால் என்னால் முடியாது என்பதை ஒரு முறை தூக்கிப் பார்த்ததுமே உணர்ந்தேன். காலை நேரத்து டவுன் பஸ்ஸில் நிற்பவர்கள் போலக் கண்ணிகள் நெரிந்து நிற்கின்றன. ஓரத்துக் கண்ணிகள் விழாமலிருக்க ஊசியின் முனைகளில் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறாள். போர்வையின் எடை முழுவதும் மணிக்கட்டில் தொங்குகிறது. கீற்றுக் கீற்றாகப் பின்னிக் கடைசியில் தைத்துவிடலாமே என்று அவள் தொடங்கியபோதே கேட்டேன். “நடுவால தையல் வந்தா ரெண்டு பேருக்கும் இடையில வரப்புப் போட்ட மாதிரி இருக்குமுங்க. வேண்டாம்” என்றாள்.

பெரிய வேலைக்கு வட்ட ஊசிதான் சரி என்று படித்தேன். இரண்டு குட்டை ஊசிகள், நடுவே வளையும் ஒரு கேபிள். கண்ணிகள் கேபிளில் பரவிக்கொள்ளும். எடை மடியில் உட்கார்ந்துவிடும்.

கடைக்காரர் என்ன அளவு என்றார். தமயந்தியின் ஊசிக் கொண்டையில் 8 என்று பொறித்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். “எட்டு” என்றேன்.

“எட்டா? என்ன சார் பின்றாங்க?”

“இரட்டைக் கட்டில் போர்வை.”

“அப்ப சரி. பெருசுக்குப் பெரிய ஊசிதான்.”

எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தால் என் சுண்டுவிரல் கனம் இருந்தது. ஐயம் வந்தது. ஆனால் உறையில் 8 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அச்சிட்ட எண்ணுக்கு முன்னால் நான் என் கண்ணை நம்புகிறவன் அல்ல. கேபிளில் இருந்தவற்றிலேயே நீளமானதை வாங்கினேன்.

மூங்கிலில் வாங்குங்கள், புதிதாகக் கற்பவர்களுக்குக் கண்ணி வழுக்காது என்றார். உலோகத்திலேயே வாங்கிக்கொண்டேன். காரணம் என்று எதுவுமில்லை.

நவம்பர் 6

மதியம் அவள் தூங்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. போன் வீடியோவில் ஒரு பெண் கற்றுத்தருகிறாள். ஊசியை நுழை, நூலைச் சுற்று, இழு, கழற்று. கந்தக அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றும்போது கூட நான் இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை.

பழைய ஊசியிலிருந்து கண்ணிகளைப் புதிய ஊசிக்கு மாற்றினேன். ஒன்று நழுவி, ஏணிப்படியில் இறங்குவது போல நான்கு வரிசை கீழே போயிற்று. கேஸ் அடுப்பின் மேல் பால் பொங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 9

நான் பின்னிய வரிசைகள் சரியில்லை. கைதான் காரணம். இன்னும் இறுக்க வேண்டும்.

நவம்பர் 12

இன்று மாட்டிக்கொண்டேன்.

காபி வரவில்லையே என்று தமயந்தி தானே எழுந்து, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு சமையலறை வரை வந்துவிட்டாள். கூப்பிடவே இல்லை. நான் முக்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நூலை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிட்ட வந்து, நான் பின்னிய பகுதியை வலது கையால் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். அவள் பின்னியது கெட்டியாக இருந்தது. என்னுடையதன் ஊடாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“இது என்னங்க, பவானிசாகர்ல மீன் புடிக்கவா?”

“உன் ஊசி நம்பரைப் பாத்துத்தான் வாங்கினேன். எட்டு.”

ஊசியை வாங்கிப் பார்த்தாள். கதவில் சாய்ந்துகொண்டாள். விழுகிறாளோ என்று பாய்ந்தேன். சிரிக்கிறாள். உடம்பு குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்.

“என்னோடது பழைய நம்பருங்க! அதுல நம்பர் ஏற ஏற ஊசி சன்னம். என்ற எட்டுன்னா நாலு மில்லிமீட்டர். நீங்க வாங்கியிருக்கறது எட்டு மில்லிமீட்டரு, ரெண்டு மடங்கு தடி. காலேஜுல பசங்களுக்கு அளவு எழுதுனா யூனிட் போடுன்னு மார்க்கக் கொறச்ச மனுசன் நீங்கதானுங்களே?”

நான்தான்.

“வாய்விட்டுக் கேட்டிருக்கலாமல்லோ?”

“கேட்டா பிரிச்சாச்சான்னு கேப்பியே.”

சிரிப்பு நின்றது. போர்வையை மேசைமேல் வைத்து, தன் பழைய வரிசைகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“பிரிங்க” என்றாள்.

நான் நூல் முனையைத் தேடினேன்.

“உங்களோடத மட்டும்” என்றாள்.

நவம்பர் 15

மறுபடி ஊட்டி. இந்த முறை சொல்லிவிட்டே போனேன். அவள் சொன்னபடி இரண்டு வட்ட ஊசிகள் வாங்கினேன். அவளுடைய எட்டுக்குச் சமமான நான்கு மில்லிமீட்டர் ஒன்று, நாலரை ஒன்று. இரண்டு எதற்கு என்று வந்த பிறகுதான் விளங்கியது.

நாலில் பத்து வரிசைச் சதுரம் ஒன்று பின்னச் சொன்னாள். அதைத் தன் பின்னலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என்னுடையது ஒடுங்கியிருந்தது.

“பயந்த கை. நூல் ஓடிப்போயிருமோன்னு புடிச்சு இழுக்கறீங்க. என்ற கைக்கு நாலு, உங்க கைக்கு நாலரை. அப்பத்தான் ரெண்டு பேரு கண்ணியும் ஒண்ணாட்டம் வரும்.”

கை பயந்ததாக இருந்தால் அதைத் திருத்த வேண்டும் என்றுதான் ஆயுள் முழுக்க நினைத்திருக்கிறேன். ஊசியைக் கொஞ்சம் தடிப்பாக மாற்றினால் போதும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

நவம்பர் 28

கட்டிலில் உட்கார்ந்து பின்னுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறாள். மழை விடாமல் பெய்கிறது. சிம்ஸ் பார்க் பக்கம் மரம் விழுந்து இரண்டு நாளாக மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது.

இன்று ஒரு வரிசையின் பாதியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மாட்டு வண்டி கூட இதைவிட வேகமாப் போகும். அந்த வலது ஊசிய இங்க குடுங்க.”

“இடது கைக்கு...”

“நீங்க இருக்கீங்களல்லோ. இடது ஊசிய ஆடாமப் புடிங்க, கண்ணிய நுனிக்குத் தள்ளி விடுங்க. அவ்வளவுதான் உங்க வேலை.”

நான் அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். போர்வை இருவர் மடியிலும் கிடந்தது. நான் இடது ஊசியைப் பிடித்திருக்க, அவள் என்னுடையதற்குப் பதில் தன்னுடைய நான்கு மில்லிமீட்டர் ஊசியை வலது கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது ஊசிதான். இடது ஊசி சும்மா ஏந்தி நிற்கிறது.

முதலில் ஒத்துவரவில்லை. நான் முந்தித் தள்ளினேன், அவள் குத்தினாள். என் விரலையும் ஒருமுறை குத்தினாள். “மன்னிச்சுக்கங்க” என்றாள். அதில் வருத்தம் தெரியவில்லை. அரை வரிசைக்குப் பிறகு ஒத்து வந்தது.

டிக். டிக். மெதுவாகத்தான். ஆனால் கேட்டது.

டிசம்பர் 19

ஊட்டியில் உறைபனி விழுந்ததாம். இங்கே வெயில்.

காலை உணவு முடிந்ததும் பின்ன உட்கார்ந்துவிடுகிறோம். சென்னை பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. முகுந்தன் இரண்டு முறை போனில் பேசினான். அட்டைப்பெட்டிகள் கொண்டு வருகிறானாம்.

இன்று நடந்ததைச் சரியாக எழுத முயல்கிறேன். நான் தவறாகப் பார்த்திருக்கலாம்.

அவள் தன் இடது கையைப் போர்வையின் மேல், ஊசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஷீபா அப்படி வைக்கச் சொல்லியிருக்கிறாள். தமயந்தி முருங்கைக்காய் விலையைப் பற்றியோ எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் எரிந்தது. கண்ணாடியைத் துடைக்க, கண்ணிகளைத் தள்ளும் என் வலது கையை ஒரு கணம் எடுத்தேன். இடது கையால் ஊசியைப் பிடித்தபடிதான் இருந்தேன்.

ஒரு கண்ணி நுனிக்கு வந்தது. தள்ளியது நான் அல்ல.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. பின்னிக் கழற்றினாள். அவளது கட்டைவிரல் நத்தை போல ஊர்ந்து அடுத்த கண்ணியின் மேல் ஏறி நின்றது. அதைத் தள்ள முடியவில்லை. அப்படியே நின்றது.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் துடைத்தேன்.

டிசம்பர் 22

ஷீபாவிடம் வாசலில் சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய்த் தமயந்தியின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். “ஏம்மா எங்கிட்டச் சொல்லல?” என்றாள்.

“சொன்னா மறுபடி பந்தக் குடுப்பே” என்றாள் தமயந்தி.

ஜனவரி 15

முகுந்தன் நேற்று வந்தான். ஹால் முழுக்க மடித்த அட்டைப்பெட்டிகள். பொங்கல் சாப்பாடு முடிந்ததும் ஒட்டும் டேப்போடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தோம். 

“ரெண்டு பேரும் சேந்து ஒரே வேலையா? நல்லாத்தான் இருக்கு. அப்பா, முதல்ல எந்த அலமாரியக் காலி பண்ணலாம்?”

நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றிருந்தது. எண்ணுகிறாளா என்று பார்த்தேன். எண்ணவில்லை.

இத்தனை வருடத்தில் அந்த மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியாதா? ஆனாலும் தைரியம் வரவில்லை. கட்டிலின் இரண்டு தலையணைகளைப் பார்த்தேன்.

“முகுந்தா, நாங்க வரலப்பா.”

என் குரல்தான். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

“என்னப்பா திடீர்னு? ஏன்?”

அறை, கட்டில், உதவிக்கு வரும் பெண்மணி, தனித்தனி என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்லத்தான் நினைத்தேன். மகனிடம் எப்படிச் சொல்வது? கையில் ஊசி இருந்தது. “வரிசை பாதியில இருக்கு” என்றேன்.

சொன்னதும் எவ்வளவு அசட்டுத்தனமான காரணம் என்று உறைத்தது.

“அவ்வளவுதானே? முடிங்க. எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு வருசமாகும்” என்றாள் தமயந்தி.

முகுந்தன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அம்மா, நீங்கதானே சரின்னு சொன்னீங்க?”

“அப்ப எனக்குக் கை ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன், கண்ணு.”

அவன் கதவில் சாய்ந்தபடி நின்றான். முகம் சுருங்கியது. கோபமோ என்று பயந்தேன். வந்து அம்மாவின் காலருகே உட்கார்ந்தான். “மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சென்னையிலேருந்து பறந்தா வர முடியும்?” என்று கேட்டான். தினமும் ஒரு ஆள் வந்து போக ஏற்பாடு செய்வது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, ஷீபா தொடர்ந்து வருவது என்று அவனாகவே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இந்தச் சரி வேறு.

ஜனவரி 16

முகுந்தன் பெட்டிகளைக் காரில் திரும்ப ஏற்றினான். “ஒண்ண மட்டும் வெச்சுட்டுப் போ கண்ணு, நூல் போட்டு வெக்க” என்றாள் தமயந்தி. பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்தான். கிளம்பும்போது அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். அது உடனே கீழே விழவில்லை.

ஜனவரி 18

கடும் குளிர். மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. இன்று பின்ன வேண்டாம், படுத்துக்கொள்வோம் என்றாள்.

இதுவரை பின்னியதை விரித்துப் போர்த்திக்கொண்டோம். கழுத்திலிருந்து கெண்டைக்கால் வரை வந்தது. பாதம் நான்கும் வெளியே. ஊசி தொங்கும் பக்கம் காலுக்கு என்று முடிவு செய்தோம். அவள் பின்னியதும், நான் பின்னியதும், இருவரும் சேர்ந்து பின்னியதும் எங்கே மாறுகின்றன என்று கையால் தடவிப் பார்த்தேன். அகப்படவில்லை.

அவளுக்கு முதுகு காட்டி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று திரும்பப் போனேன்.

“அசையாதீங்க. கண்ணி விழுந்துரும்.”

வட்ட ஊசியில் கண்ணிகளைக் கேபிளின் நடுவுக்குத் தள்ளிவிட்டால், புரண்டு படுத்தாலும் ஒன்றும் விழாது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் அசையவில்லை.